வராத ஜுரத்துக்குக் கஷாயம்

வராத ஜுரத்தை வந்ததாக மூன்று மாதம் புளுகினேன், இந்த வயதில். எங்கள் மாதுங்கா சாலில், அந்த வரிசை ஒற்றை அறை வீடுகளில், கை வைத்தியம் பற்றி ஆராய்ச்சி செய்ய ஞாயிறுதோறும் ஒருவர் வருவார். உடம்பு சரியாக இருப்பவர்களிடமிருந்து ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுவார், சீக்காளிகளிடம் அரை மணி உட்காருவார். தனிக்கட்டையான நான் சீக்காளியானேன்.

ஒல்லி மனிதர். நாம் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்ற மாட்டார்.

"கஷாயம் யார் போட்டுக் கொடுத்தா?"

"நானேதான் சார். வேற யாரு?"

நான் சொன்னதில் அந்த 'வேற யாரு' ஒன்றுதான் நிஜம். அவர் மூடியைக் கழற்றவேயில்லை. அரை மணி தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்து அவர் வருவது நின்றபின் பக்கத்து ரூம்காரர் சொன்னார்: "உம்ம ஜுரம் பொய்னு முதல் வாரமே அவருக்குத் தெரியுமாம் ஓய், போறப்ப அவரே சொன்னார். உம்மைப் பத்தி எழுதின பேப்பரை அப்பவே கிழிச்சுட்டாராம். அப்புறமும் எதுக்கு வந்து உட்கார்ந்தார்னுதான் எனக்குப் புரியலை."