மூன்றாவது குழாய்

கோவை இலையை அடுப்புக்கரியோடு சேர்த்துக் கசக்கி, எழுதுகிற மரப்பலகையில் தேய்த்தால் ஒரு பச்சை வாசனை கிளம்பும். அது மூக்கில் ஏறியதுமே நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவேன், ஏனென்றால் பலகைக்குக் கருப்பு ஏற்றுகிறோம் என்றால் மறுநாள் கணக்கு இருக்கிறது என்று அர்த்தம். சின்னமனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் மாதா கோயிலை ஒட்டி இருந்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் என்று நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம், நானும் என் சித்தப்பா மகள் ஞானமும். மலைமேல் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சுண்ணாம்பும் இரும்புச் சாமான்களும் ஏற்றிய மாட்டுவண்டிகள் கூடலூரைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும், நாங்கள் பலகையை வெயிலில் காயவைத்துவிட்டு அவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்போம்.

வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு கணக்குக் கேட்பார். சொன்னால் தேறியது, விழித்தால் தவறியது, அவ்வளவுதான் பரீட்சை. அந்த வருஷம் அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒரு முடிவு கட்டிவிட்டார்கள். "கணக்குல தேறுனா மேக்கொண்டு படிங்க. தவறுனா அன்னைக்கே பலகையக் கூரை எறவாணத்துல சொருகிட்டு வந்துறணும், காட்டு வேலைக்கு ஆளு இல்லாமக் கெடக்கு" என்றார் அப்பா. அவர் சொல் மாறாதவர் என்று ஊரெல்லாம் புகழும், அந்தப் புகழ் அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்குப் பிடித்தமானது "கஷ்டக் கணக்கு" என்று வாத்தியார் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து, அதில் ஒன்றைப் பலகையில் எழுதிக் கொடுத்தார். ஒரு தொட்டியை ஒரு குழாய் நான்கு நாழிகையில் நிரப்பும், இன்னொரு குழாய் பன்னிரண்டு நாழிகையில் நிரப்பும், நிறைந்த தொட்டியை மூன்றாவது குழாய் ஆறு நாழிகையில் காலிசெய்யும். மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும்? விடை ஆறு நாழிகை என்று வாத்தியாருக்குத் தெரியும், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்தது. எப்படி என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஆகையால் நாங்கள் இருவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு உதவி தேடி ஊருக்குள் இறங்கினோம்.

முதலில் அப்பாவிடம் போனோம். வரப்பில் நின்று, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கணக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தண்ணி நெறையுற நேரத்துல அந்த மூணாவத எவன் தொறந்து வச்சான்? மொதல்ல அத அடைக்கச் சொல்லு, பெறகு கணக்குப் பாக்கலாம்" என்றார். கணக்கில் அப்படித்தான் இருக்கிறது என்று ஞானம் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர் எங்களுடையது; பக்கத்து வயல்காரன் மடையைக் கையகலம் அதிகம் திறந்தான் என்று பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

கோயில் உபதேசியார் ஜெபமெல்லாம் அழகாகச் சொல்லுவார், அவரிடம் கேட்டோம். "வீணாத் தண்ணிய விடுறது பாவம், அந்தக் கணக்கையே செய்யாதீக" என்று எங்களுக்குச் சிலுவை போட்டு அனுப்பிவிட்டார். அணைக்குச் சாமான் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் ஒருவர் மாட்டை அவிழ்த்துவிட்டுப் புளியமரத்தடியில் படுத்திருந்தார். ஊரில் குழாய் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். "கொழாயா? அங்கன மலையில கெடக்கு, உள்ள ஆளு படுத்துத் தூங்கலாம். அத மூணையும் தொறந்தா தொட்டியா நெறையும்? நீங்க, நானு, இந்த மாடு எல்லாம் வைகையில மெதந்து போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாவது குழாய்க்காரன் எந்த ஊர், சீலையம்பட்டியா, உத்தமபாளையமா என்று பெரியவர்கள் விசாரித்தார்களே ஒழிய, தொட்டி எப்போது நிறையும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் ஞானம்தான். கிணற்றடியில் மாடு தண்ணீர் குடிக்கிற எங்கள் கல்தொட்டி சரியாகப் பன்னிரண்டு குடம் பிடிக்கும். "நாலு நாழிகையில நெறைக்கிற கொழாயின்னா, நாழிகைக்கு மூணு கொடம் ஊத்துது. பன்னெண்டு நாழிகைக் கொழாய் ஒரு கொடம். காலி பண்ணுறது ரெண்டு கொடம்" என்று சொல்லிக்கொண்டே அவள் குடத்தைத் தூக்கினாள். அவள் நாலு குடம் தொட்டியில் ஊற்றுவதும், அதற்குள் நான் இரண்டு குடம் மொண்டு வாழைக்கன்றுக்கு ஊற்றுவதும் ஒரு நாழிகை என்று வைத்துக்கொண்டோம். பாவாடை நனைந்து காலில் ஒட்ட, சிரித்துச் சிரித்து மூச்சு இரைக்க ஊற்றிக்கொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார்.

"ஏண்டி, ஊத்துன தண்ணிய யாராச்சும் திரும்ப மொண்டு கொட்டுவாளா?" என்று கத்தினார். ஞானம் பயப்படவில்லை. "பெரியப்பா, நாங்க ரெண்டு பேரும் கொழாய். குறுக்க வராதீக" என்றாள். அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்தார். நாங்கள் மொள்ளும்போதெல்லாம் தன் உடம்பிலிருந்து இரத்தம் எடுப்பதுபோல முகத்தைச் சுளித்தார், ஆனால் எழுந்து போகவில்லை. ஆறாவது தடவை தண்ணீர் தொட்டியின் விளிம்பைத் தொட்டது. அப்பா எழுந்து வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்துனதுக்கு ரெண்டு தொட்டி நெறஞ்சிருக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், நாங்கள் அதை எண்ணவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஊரே ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்தது. என்னை முன்னால் கூப்பிட்டு, மூன்று நாழிகையில் நிரப்பும் குழாய், ஆறு நாழிகையில் நிரப்பும் குழாய், நான்கு நாழிகையில் காலிசெய்யும் குழாய் என்று அவர் தொடங்கியதும் எனக்குக் கல்தொட்டி கண்முன் வந்துவிட்டது. நாலு குடம், இரண்டு குடம், மூன்று குடம் போக மீதி மூன்று. "நாலு நாழிகை ஐயா" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஐயா, அந்த மூணாவத அடைக்கச் சொல்லிட்டுக் கேளுங்க. பிள்ளைகளுக்குத் தப்பான பழக்கம் வந்துரும்."

வாத்தியார் வெளிறிப்போனார். இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரி, அடைத்துவிட்டோம். இப்போது சொல், அடைத்தால் எத்தனை, திறந்திருந்தால் எத்தனை?" என்றார். அடைத்தால் இரண்டு, திறந்திருந்தால் நான்கு என்றேன். தேறிவிட்டேன்.

அடுத்து ஞானம் போனாள். அவளுக்குக் குழாய்க் கணக்கு வரவில்லை. கலம், மரக்கால், படி என்று தானிய அளவுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றுகிற நீளமான கணக்கு வந்தது. பாதி வழியில் ஒரு மரக்காலை விட்டுவிட்டாள். நான் தேறிய கணக்குக்கு வழி சொன்னவள், என் கண்முன்னாலேயே தவறினாள். சித்தப்பா ஜன்னலை விட்டுப் போய்விட்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் எனக்கு மூன்றாவது குழாய்க்காரனைப்போல நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தாள். மறுநாளிலிருந்து நான் தனியாகப் பள்ளிக்கூடம் போனேன், அவள் காட்டுக்குப் போனாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

நான் படித்து, மதுரையில் பயிற்சி முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். மரப்பலகை போய்ச் சிலேட்டு வந்து, இப்போது காகிதம் வந்திருக்கிறது. அணைத்தண்ணீர் வந்தபின் முறைச்சண்டைகூடக் குறைந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கணக்குக் கேட்டுத் தலையெழுத்தை எழுதிவிட்டுப் போகிற பரீட்சையும் ஒழிந்தது, அது ஒழிந்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. போன வாரம் ஞானத்தின் பேத்தி கணக்கில் தோற்றுவிட்டு வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஞானம் அவளுக்குச் சோறு போட்டாள். விடிந்ததும் தலை வாரிப் பின்னிவிட்டு, "நேரமாச்சு ஆத்தா, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்றாள். அந்தப் பிள்ளையும் பையை மாட்டிக்கொண்டு போயிற்று.