தையல்காரியின் ஜீன் சந்தேகம்

நாடகக் குழுவுக்கு உடை தைக்கும் அந்தத் தையல்காரிக்கு ஒரு காலத்தில் தூக்கம் என்பது நேர விரயம். அப்படி விழித்தே கழித்த ஒரு வாரத்தில் பதினெட்டு ராஜ அங்கிகளைத் தைத்து முடித்தாள்; ஒன்றிலும் கை நுழைய வழியில்லை. அடுத்த மாதம் முழுக்கக் கட்டிலை விட்டு எழவில்லை. இருதுருவ மனநோய் என்று சொல்லி டாக்டர் லித்தியம் மாத்திரை கொடுத்தார். ஆறு வருடமாக அங்கிகளுக்குக் கை இருக்கிறது. மாத்திரையின் பக்கவிளைவாக அவள் கைதான் லேசாக நடுங்கும், ஊசியில் நூல் மூன்றாம் முயற்சியில் நுழையும்.

வம்பு, ஆராய்ச்சியால் வந்தது. மாத்திரை தொடங்குமுன் எடுத்து உறையவைத்த அவள் ரத்தத்தையும் இப்போதைய ரத்தத்தையும் மருத்துவமனையில் ஒப்பிட்டார்கள். நர்ஸ் பூரித்துப்போய்ச் சொன்னாள்: "உங்க மாத்திரை ஜீன் வரைக்கும் போய் வேலை பாத்திருக்குக்கா."

நல்ல செய்திதான். அவளுக்குத்தான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஜீனிலேயே கைவைத்துவிட்டால் இப்போது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது தானா, மாத்திரையா? மாத்திரையை விட்டுவிடுவது என்று பாதி முடிவோடு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"அப்ப நான் எங்கம்மா பொண்ணு இல்லையா, டாக்டர்?"

"ஜீன்ல இருக்கற எழுத்து ஒண்ணுகூட மாறலம்மா. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யணும்ங்கற அளவுதான் மாறுது. சிலது கூடுது, சிலது குறையுது."

"அதாவது துணி வெட்டற பேட்டர்ன் பேப்பர் பழசேதான். எதை எத்தனை தைக்கணும்ங்கற ஆர்டர் வேற."

"நான் வகுப்புல இவ்வளவு தெளிவா சொன்னதில்ல."

"என் சிரிப்பு எந்த ஆர்டர்ல வருது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த மாற்றம் நோயை அடக்குகிறது, எது சும்மா கூடவே வருகிறது என்பதே இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை அவளுக்குப் பிடிக்கும். பிடித்து என்ன செய்ய, பதில் வேண்டுமே.

"நீங்க அதே ஆளான்னு ரத்தம் சொல்லாது. உங்களை ரொம்ப வருஷமாத் தெரிஞ்சவங்களைக் கேளுங்க. அதுவரைக்கும் நிறுத்திடாதீங்க."

அன்று சாயங்காலம் அக்காள் வீட்டில் போய் நின்றாள். அக்காள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லுக்கா. மாத்திரைக்கு அப்புறம் நான் வேற ஆளா ஆயிட்டேனா?"

அக்காள் யோசிக்கக்கூட இல்லை. "எங்க ஆன? சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற. நான் போட்ட துணியை எடுத்து உதறித் திரும்பப் போடற. போன வாரம் என் மாமியார் எதிர்லயே அவங்க மாதிரி நடந்து காட்டின. பன்னெண்டு வயசுல பண்ணின அதே அழிச்சாட்டியம். என்ன, முன்னல்லாம் நடுவுல ஒரு மாசம் படுத்துப்ப. இப்ப எனக்கு லீவே கிடையாது."

தையல்காரிக்கு இவ்வளவு நிம்மதியை எந்தப் பரிசோதனை முடிவும் தந்ததில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"திட்டினா சிரிக்கறியே, உனக்கு என்னடி?"

"தண்ணி குடு. மாத்திரை போடணும்."

"டம்ளர் எங்க இருக்குன்னு தெரியும்ல? போய் நீயே எடு."