பந்தியில் உட்கார்ந்தீர்களா?

ஆசனவாய்ப் பக்கம் புரையோடுகிற பவுத்திரத்துக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை வருஷா வருஷம் போனில் பிடித்து, சீழ் வருகிறதா, வெளிக்கு வந்தால் அடக்க முடிகிறதா என்று கேட்டு எழுதுவது நர்ஸான என் வேலை. உட்காரவும் முடியாமல், வெளியே சொல்லவும் முடியாமல் தவித்த என் மக்களே, நீங்கள் சொன்ன பொய்களை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

நல்லாருக்கேன்

கீரமங்கலத்தில் பூ விவசாயம் பார்க்கும் செல்வராசு அண்ணனை முதல் வருஷம் கூப்பிட்டபோது "நல்லாருக்கேன் சிஸ்டர்" என்றார். நானும் ‘குணம்’ என்று எழுதிவிட்டேன். நம்ம பக்கம் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுவருஷம் போனை எடுத்தது அவர் மனைவி. "எங்கிட்டு நல்லாருக்காரு? வேட்டியில கறை பட்டுரும்னு கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தே ரெண்டு வருஷமாச்சு."

இருமல்

அதிலிருந்து சுற்றி வளைக்காமல் கேட்க ஆரம்பித்தேன். குளத்தூர்ப் பக்கம் ஒரு டீச்சர், ஆபரேஷன் ஆகி நாலு வருஷம். ஸ்டாஃப் ரூமில் இருந்தார் பாவம். "ஒரு இருமல்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல" என்று கிசுகிசுத்தார். எட்டுக் கேள்வி கேட்டேன். எல்லாம் நல்ல பதில்தான். கடைசியில் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது: "டீச்சர், இந்த இருமல் சரியில்ல, மொதல்ல டாக்டரப் பாருங்க."

மறுபடியும்

செல்வராசு அண்ணனை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தோம். பழைய இடத்திலேயே மறுபடி புரை வைத்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "அடக்க முடியாமப் போயிட்டா, நான் எந்த மூஞ்சியோட சந்தைக்குப் போவேன்?" என்றார். அடக்குகிற சதையை வெட்டாமல், புரை வழியே நூல் கட்டிப் பொறுமையாக ஆற வைக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். ஆனாலும் பயம் பயம்தானே. ஒரு வருஷம் வீணானது என்னால்தான் என்று அவரிடமே சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொய் சொன்னது நானு, நீங்க ஏன் சிஸ்டர் அழுகுறீங்க?"

மூன்றாவது வருஷம்

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷமும் "கசிவு இல்லை" என்றார். நான் நம்பவில்லை. மூன்றாவது வருஷம் கூப்பிட்டால், பின்னால் ஒரே மேளச் சத்தம். "அண்ணே, நல்லாருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். பந்தியில உக்காந்தீங்களா?" என்றேன்.

"உக்காந்துதான் இருக்கேன் சிஸ்டர், வெள்ளை வேட்டியோட. பாயசம் வருது, போன வைங்க."

என் போனை ஒருவர் பாதியில் துண்டித்ததற்கு நான் சந்தோஷப்பட்டது, இத்தனை வருஷ வேலையில் அந்த ஒரு தடவைதான்.