ஐசியில் இல்லாத மழை

அன்று மாலை மலையூரான பிரிஞ்சாங்கில் நான் பீர் ஊற்றும் கடைக்குள் பனி வந்து, மேசை மேசையாக உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பையன் ஐசியை, அடையாள அட்டையை, நீட்டினான். இருபத்தொன்று ஆகாதவருக்கு ஊற்றக்கூடாது. அட்டையில் வயது சரி. படத்தில் இருந்ததோ அவன் அண்ணன். கல்யாணமாகும்வரை தேயிலைத் தோட்டத்து லைனில் நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. என்னிடமேவா என்று எரிச்சல் வந்தது.

“இது ஒங்கண்ணன் ஐசி. நீ பொறந்தன்னிக்கு நல்ல மழ. ஒங்கம்மாவ லோரியில ஏத்தி, ரிங்லெட் கிளினிக்கு வரைக்கும் நான்தான் கொட புடிச்சேன். ஒனக்கு இன்னும் இருபதே ஆவல லா.”

ஐசியைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தேநீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கேட்டான்.

“அம்மா தவறி ஆறு மாசமாச்சுக்கா. நான் பொறந்தன்னிக்கு அழுதாங்களா?”

“இல்ல. என் கொடையில இருந்த ஓட்டையப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே வந்தாங்க.”