சொந்தக் கணினியில் அனுமதி இல்லை

எதுவும் கெட்டுப்போகவில்லை, ஆனாலும் வேலை நடக்கவில்லை என்றால் பழியை யார் தலையில் கட்டுவது? லேபிள் அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணின் நாட்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் கழிந்தன.

அவளைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. திரையில் பிழைச்செய்தி வந்தால் மற்றவர்கள் படிக்காமல் மூடிவிடுவார்கள். அவள் கடைசி வரி வரை படிப்பாள். வித்தியாசம் அவ்வளவுதான். அதை நம்பித்தான் அச்சகத்தின் முதலாளியான அவளுடைய நாத்தனார், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை எல்லாக் கணினிகளிலும் ஏற்றி, கட்டி மேய்க்கும் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார்.

அன்று காலை லேபிள் வரையும் செயலி திறக்கவில்லை. ஐகானை அழுத்தினால் சுட்டி கொஞ்ச நேரம் சுழலும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுவிடும். மதியம் சோப்புக் கம்பெனிக்காரர் லேபிளைத் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்ல வருகிறார்.

“அவர் வர்றதுக்குள்ள திறக்கலைன்னா எல்லா மெஷினையும் தூக்கிட்டு, காசு குடுத்தே வேற வாங்கிடுவேன்” என்றார் நாத்தனார். “கம்பெனி ஆளே வந்து பாத்துப்பான். நீ வீட்டுல நிம்மதியா இருக்கலாம்.”

வீட்டில் நிம்மதி எந்த அறையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் நாத்தனாரின் தம்பியைக் குறை சொன்னதாகிவிடும். கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் கொழுந்தன். லேபிள் வரைபவன். நடப்பதே ஓடுவதுபோல் இருப்பதால் அச்சகத்தில் அவனுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர்.

“ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க அண்ணி.”

“காலையிலேருந்து நீ அணைச்ச அணைப்புல அதுக்குத் தலை சுத்தியிருக்கும். சும்மா இரு.”

முன்பு திறந்த செயலி முழுதாக மூடாமல் பின்னால் சிக்கிக் கிடக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. வன்வட்டில் இடமும் இருந்தது. பிறகு கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் டெர்மினலைத் திறந்து செயலியின் பெயரை டைப் செய்தாள். ஐகானை அழுத்தினால் ஊமையாக இருக்கும் செயலி, இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனக்குறையெல்லாம் கொட்டிவிடும். கொட்டியது. கடைசி வரி: செயலியின் விருப்பங்களைச் சேமிக்கும் கோப்பில் எழுத அனுமதி இல்லை.

அந்தக் கோப்பு கொழுந்தனின் சொந்தக் கோப்புறையில்தான் இருந்தது. ஆனால் உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர் இல்லை. அவள் மட்டும் பயன்படுத்தும், எல்லா அனுமதியும் உள்ள ‘நிர்வாகி’ கணக்கின் பெயர் இருந்தது.

நாற்காலியைத் திருப்பினாள். “நேத்து என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“ஒண்ணும் பண்ணாமலா உன் வீட்டுச் சாவி அடுத்தவன் கைக்குப் போச்சு?”

“புது எழுத்துரு போட்டேன் அண்ணி. அனுமதி இல்லன்னு அடம் பிடிச்சுது. அதான் நிர்வாகியா மாறி, செயலியை ஒரே ஒரு தடவை திறந்தேன்.”

“அந்த ஒரு தடவையில எழுதினதெல்லாம் நிர்வாகி பேருக்குப் போயிடுச்சு. இப்ப நீ நீயா வந்து நின்னா, ‘யார்ரா நீ’ன்னு கேக்குது. பாஸ்வேர்டு யாரு குடுத்தா?”

“உங்க கல்யாண நாள்தானே? சும்மா போட்டுப் பாத்தேன். அண்ணனால கண்டுபிடிக்க முடியாதுன்னு வெச்சிருக்கீங்க போல.”

வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். வைத்தியம் ஒரே வரிதான்: கோப்புகளைத் திரும்ப அவன் பெயருக்கு மாற்றினாள். செயலி திறந்தது. சோப்புக்காரர் வந்தார், பச்சையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், சம்மதித்துவிட்டுப் போனார்.

நாத்தனார் மேசைக்கு வந்தார். “சரி, மெஷினும் இருக்கட்டும், நீயும் இரு. ஆனா இது யாரு பாத்த வேலை?”

எக்ஸ்பிரஸ் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தான்.

“கம்ப்யூட்டர்னா இதெல்லாம் சகஜம்க்கா” என்றாள்.

அன்று சாயங்காலம் நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றினாள். நாத்தனாரிடம் சொல்லவில்லை, கணவனிடமும் சொல்லவில்லை. கொழுந்தனைக் கூப்பிட்டு, காதோடு காதாக அவனிடம் மட்டும் சொன்னாள். திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

“என்கிட்ட ஏன் அண்ணி?” என்றான் அவன், நிஜமாகவே பயந்துபோய்.

“இனிமே ஏதாவது ஆச்சுன்னா யாரு பாத்த வேலைன்னு தேட வேண்டாமில்ல? பச்சையைக் குறைச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.