கூமுட்டை

என் அக்கா புருஷன் என்னைக் கூமுட்டை என்றுதான் கூப்பிடுவார். அவர் கல்யாணத்தன்று மோதிரப் பெட்டியை வந்த வண்டியிலேயே விட்டுவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். அன்றைக்கு விழுந்த பெயர். பதினெட்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டுகிறேன், பெயர் மட்டும் மாறவில்லை.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே கிடையாது. போன வருஷத்திலிருந்து யாரும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு படித் திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறார்.

எல்லாம் அந்தப் பின்னறையால் வந்த வினை. ஆறு குருவிக் கூண்டு, ஒரு ஜன்னல். கேனரி என்கிற பாட்டுக் குருவிப் பெட்டையையும் கோல்டு ஃபின்ச் என்கிற வேறு ஜாதிக் குருவி ஆணையும் ஜோடி சேர்த்துக் கலப்புக் குஞ்சு எடுக்க வேண்டும் என்பது அவர் பித்து. குருவிகளில் கோவேறு கழுதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வம்சம் கிடையாது. ஆனால் இரண்டு வீட்டுப் பாட்டையும் கலந்து பாடுமாம். ஒரு பல் டாக்டரின் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்தபோது, வரவேற்பறையில் அப்படி ஒன்று பாடக் கேட்டிருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம். முதல் வருஷம் ஃபின்ச் முட்டையைக் கொத்தி உடைத்தது. இரண்டாம் வருஷம் குஞ்சுகள் பொரித்து, மூன்றாம் நாளே செத்துப்போயின. மனுஷன் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் வருஷக்கணக்காக உள்ளே போய் நுரையீரல் தடித்துவிட்டதாம்.

"போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தணும்னா வீட்டுல பறவையே இருக்கக் கூடாது."

மச்சான் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னார்: "இந்த ஒரு அடை. ஒரே ஒரு குஞ்சு பொரிச்சுப் பறந்துட்டா போதும். அன்னைக்கே எல்லாத்தையும் குடுத்துடறேன்."

அக்கா நம்பவில்லை. சிகரெட்டை விடுவதாக அவர் ஒன்பது முறை சத்தியம் செய்ததைக் கேட்டவள் அவள். நானும் நம்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேனரி தினம் காலையில் ஒரு முட்டை இடும். அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் முட்டையை வைத்து ஏமாற்றுவார். நாலும் சேர்ந்த அன்று சாயங்காலம் நிஜ முட்டைகளை மொத்தமாகத் திருப்பி வைத்தால்தான் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்கும். அதுவரை பஞ்சு போட்ட பிஸ்கட் டப்பாவில் அவை இருக்கும். நாலாவது முட்டை கிடைத்த காலையில், குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அவர் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும், என்னை வரச் சொல்லியிருந்த அக்கா டப்பாவைச் சமையல் மேடையில் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா குலுக்கிட்டா உள்ள இருக்கிற கரு போயிடுமாம்," என்றாள். "மூணு வருஷமும் தோத்துட்டா வெறுத்துப்போய் விட்டுடுவார்டா. பொரிச்சா, இன்னொண்ணு வேணும்பார். எனக்குக் கை வரல. நீ செய்."

"பாவம்க்கா."

"யாரு? முட்டையா, அவரா?"

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை. வெளுத்த நீலத்தில் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்தி, காதருகே வைத்து, நூறு எண்ணும்வரை குலுக்கினேன். நாலையும். மனசு கேட்கவில்லை, கை கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏழாம் நாள் காலையில் மச்சான் டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். உயிர் பிடித்த முட்டை என்றால் வெளிச்சத்தில் சிவப்பு நரம்பு தெரியும். முதல் முட்டை, வெறும் மஞ்சள். இரண்டாவதும் அப்படியே. நாலையும் இரண்டு தடவை பார்த்தார். பேட்டரி மாற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஒன்றைச் சாஸரில் உடைத்து ஊற்றினார். கலங்கிப்போய் நாற்றமடித்தது.

"கூமுட்டை," என்றார்.

என்னைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

"ஆண் மேல தப்பில்ல மாப்ளே. சேராத முட்டைன்னா மஞ்சக்கரு முழுசா நிக்கும். இது உடைஞ்சு கலந்திருக்கு பாரு. நல்லா குலுங்கியிருக்கு."

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கூண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார், குருவிகள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"இதோ, இதுதான். டப்பாவைக் கையில வச்சுக்கிட்டே இருமியிருப்பேன். என் இருமலே கொன்னுடுச்சு."

அன்றைக்குப் பேசாததற்கு இன்றுவரை என்னையே காறித் துப்பிக்கொள்கிறேன்.

அவர் போனை எடுத்தார். மறுமுனையில் கூண்டுக் கடைக்காரர்.

"அடுத்த மாசம் எல்லாத்தையும் எடுத்துக்கங்கன்னு சொல்லியிருந்தேனே... ஆமா, குஞ்சு பொரிக்கல. இப்ப வேணாம். இன்னொரு அடை பார்த்துட்டுச் சொல்றேன்."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் நிஜமாகவே எல்லாவற்றையும் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் மனுஷன் ஒரே ஒரு தடவை சொன்ன சொல்லைக் காப்பாற்றத் துணிந்தார், அந்த ஒரு தடவை பார்த்து நாங்கள் நம்பவில்லை.

என்னை வழியனுப்பப் படி வரைக்கும் வந்தவள் கேட்டாள்: "சொல்லிடலாமாடா?"

"சொன்னா விட்டுடுவாரா?"

"விடமாட்டார். நம்மளத்தான் விட்டுடுவார்," என்றாள்.

இப்போது அவர் படுக்கையே பின்னறையில்தான். நடந்தால் இருமல் வருகிறதாம், அதனால் குருவிகள் பக்கத்திலேயே பாய். ராத்திரி பகல் அதே தூசி. டாக்டர் சத்தம் போட்டார். இவர் அதற்கும் தலையாட்டினார். கேனரி திரும்பவும் கூடு கட்டியிருக்கிறது. சமையலறையில் அக்கா யாரிடமோ முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறாள், குஞ்சு பொரிக்க வேண்டும் என்று. நானும் பஸ்ஸில் ஒவ்வொரு சிக்னலிலும் அதையே வேண்டுகிறேன். அது பொரித்துப் பறந்தால்தான் இவர் அந்த அறையை விட்டு வெளியே வருவார்.

இன்று காலை முதல் முட்டை. டியூட்டிக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார். பாயில் சுவரோடு சாய்ந்து, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"இனிமே முட்டைய நீதான் எடுக்கணும் மாப்ளே. டிரைவர் கை. ஆடாது."

கூண்டுக் கதவைத் திறந்து கையை விட்டேன். கூட்டில் முட்டை சூடாக இருந்தது. அதைத் தொட்டதும் என் கை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

"என்னடா ஆடுது?" என்றார், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுடா, கூமுட்டை."