பிளெக்டாக்கும் ஒரு கிரைண்டரும்

டெக்சாஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஷம்சுதீனைக் கண்டால், பழைய சினிமாப் பாட்டு கேட்கிற ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மனுஷருக்கு உயிரே பிளெக்டாக்தான். தகரத்தையும் குழாயையும் துளை போடுகிற மெஷினையும் கிடாரோடு சேர்த்து வாசிக்கிற ஜெர்மன் ராக் குழு அது. வாசிக்கிறார்கள் என்பது ரசிகர்கள் கட்சி. அவர் மனைவி சுலைகா அதற்கு வைத்த பெயர் 'ஒர்க்‌ஷாப்'.

காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்தபோது யாரோ கொடுத்த கேசட்டில் பிடித்த பைத்தியம். எழுபதைத் தாண்டிய அந்தக் கிழவர்கள், பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, புது ஆல்பம் போடப்போவதாகப் போன வருஷம் அறிவித்தார்கள். கிரீன் கார்டு வந்த அன்றுகூட ஷம்சுதீன் அப்படித் துள்ளியதில்லை. போதாக்குறைக்கு, ரசிகர்கள் வீட்டில் ஓடும் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பலாம், பிடித்தால் சேர்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

வாஷிங் மெஷின் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. ஷம்சுதீன் கண் மாவு கிரைண்டர் மேல் விழுந்தது. உளுந்து அரைபடும்போது பக்கத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பதிவைத் திரும்பக் கேட்காமல் அப்படியே அனுப்பிவிட்டார். சில மாதம் கழித்து, அதிலிருந்து ஒரு துண்டு கடைசிப் பாட்டில் வருகிறது என்று பதில் வந்தது.

அவ்வளவுதான், ஊரெல்லாம் தம்பட்டம். ஆபீஸ், பள்ளிவாசல், வாட்ஸ்அப் ஒன்றையும் விடவில்லை. ஆல்பம் வெளியான சனிக்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் பத்ரியையும் வீட்டுக்கு வரவழைத்து, ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்தார்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ் வந்தது, தகரம் வந்தது. கிரைண்டரைக் காணோம்.

"எங்க ஷம்சு, உன் கிரைண்டர்?" என்றான் பத்ரி.

"வரும்டா, வெயிட் பண்ணு."

வரவில்லை. இனி எந்த முகத்தோடு ஆபீஸ் போவது? திடீரென்று எல்லாம் அடங்கி, ஒரு பெண்குரல் கணீரென்று எழுந்தது.

"தண்ணி ஊத்துங்க, தண்ணி ஊத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

மகள் ஃபைஹா போனைக் கீழே போட்டாள். "ஓ மை காட், உம்மா! தட்ஸ் யூ!"

அதே வரி மறுபடி வந்தது. மறுபடியும். டிரம்ஸ் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓட, பின்னாலேயே கிடார், தகரம் எல்லாம் கிளம்பின. கிழவர்கள் கிரைண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் மேல் விழுந்த திட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்! ஷம்சுதீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு துளி பொறாமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

தோசைக் கரண்டியோடு ஓடி வந்த சுலைகாவின் முகம் சிவந்தது. "என்னைக் கேக்காம என் குரலை ஜெர்மனிக்கு அனுப்பிருக்கீங்க!"

"நான் கிரைண்டரைத்தான் அனுப்புனேன், சுலைகா. சத்தியமா."

அவள் தலையைச் சாய்த்து, பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"அந்த டிரம்ஸ்காரரைப் பாருங்க. நான் போற ஸ்பீடுக்குக் கரெக்டா கூடவே வர்றாரு. நீங்க இத்தன வருஷத்துல ஒரு தடவயாச்சும் வந்திருக்கீங்களா?"

பத்ரிக்குச் சிரிப்பில் புரையேறியது. அதற்குள் சுலைகா சத்தத்தைக் கூட்டி, பாட்டை முதலிலிருந்து போட்டிருந்தாள்.